முதல் நாள் மதியக் காட்சி

ஜொகூர் மாநிலத்து உலு திராமில் ஒரு டயர் கடைக்கு மேல்மாடியில் இருந்தது கிரகோரியின் ஒலிப்பதிவுக் கூடம். கீழே யாராவது லாரிச் சக்கரத்தைக் கழற்ற ஆரம்பித்தால், மேலே காதல் வசனம் பேசிக்கொண்டிருப்பவர் வாயை மூடிக்கொள்ள வேண்டும். சத்தம் அடங்கியதும் விட்ட இடத்திலிருந்து மறுபடி உருக வேண்டும். முப்பது வருஷமாக விளம்பரங்களுக்கும் கார்ட்டூன்களுக்கும் தமிழ்க் குரல் சேர்த்துப் பிழைத்துவந்த கிரகோரிக்கு, சென்ற வருஷம் சிங்கப்பூர் நிறுவனம் ஒன்றிடமிருந்து பெரிய வேலை வந்தது. ஐந்து ரஷ்யப் படங்களைத் தமிழில் பேசவைக்க வேண்டும். ஐந்தும் அந்தந்தக் காலத்தில் அந்த நாட்டில் சக்கைப்போடு போட்டவை.

"கலைப்படம் ஒண்ணுகூட இல்ல லா. எல்லாம் ஜனங்க அடிச்சுப் பிடிச்சுப் போய்ப் பாத்தது" என்று கிரகோரி பெருமையாகச் சொல்லிக்கொண்டார். ஆனால் ரஷ்யமொழி தெரிந்த தமிழருக்கு ஜொகூரில் எங்கே போவது? படத்தின் அடியில் ஓடும் ஆங்கில வசன எழுத்தை வைத்து ஒப்பேற்றலாம் என்று அவர் நினைத்திருந்தபோது, குரல் நடிகர்களை இயக்கும் ஷர்மைன்தான் சொன்னாள்.

"எனக்கு ஒருத்தரத் தெரியும் அங்கள். எங்க அண்ணன்கூட அங்க படிச்சவரு."

அப்படித்தான் வசந்தன் அந்த மாடிப்படி ஏறினான்.

நாற்பத்திரண்டு வயதான வசந்தன், தெப்ராவில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டு மேற்பார்வையாளன். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன் வோல்கா நதிக்கரை ஊர் ஒன்றில் மருத்துவம் படிக்கப் போனவன். ஜொகூரின் சிற்றூரான ரெங்கத்திலிருந்து வந்த எல்வின் அங்கே அவனுடைய அறைத்தோழன். மூன்றாம் வருஷக் குளிர்காலத்தில் யாரோ சில ரவுடிப் பையன்கள் தெருவில் வைத்து எல்வினை அடித்துக் கொன்றுவிட்டார்கள். வசந்தன் சவப்பெட்டியோடு திரும்பி வந்தான். அதற்குப் பிறகு படிப்பைத் தொடரப் போகவேயில்லை. நண்பன் செத்த துக்கத்தில் டாக்டர் படிப்பையே உதறிய பிள்ளை என்று ரெங்கத்தில் அவனுக்குப் பெயர். எல்வினின் அப்பா ஜோன், செம்பனை எண்ணெய் ஆலை லாரி ஓட்டி ஓய்வுபெற்றவர், அவனை மகன் என்றே சொல்வார். ஒவ்வொரு நவம்பரிலும் கல்லறைத் திருநாளுக்கு வசந்தன் மெழுகுவர்த்தியோடு போவான். எல்வினின் தங்கை ஷர்மைனுக்கு அப்போது பதினைந்து வயது. அன்றிலிருந்து அவனை வசந்தண்ணே என்றுதான் கூப்பிடுகிறாள்.

முதல் இரண்டு படங்களும் அவனுக்குச் சந்தோஷமாகவே போயின. முதலாவது, பனியில் மாட்டிக்கொண்ட ரயில் நிலையத்தில் ஒரு கல்யாணக் கூட்டம் மூன்று நாள் தவிக்கும் சோவியத் காலத்து நகைச்சுவை. இரண்டாவது, அதே காலத்து அழவைக்கும் குடும்பப் படம். ஷர்மைன் அதன் சுவரொட்டியைப் பார்த்து, "வசூல் எவ்வளவுன்னு போடவே இல்லையே?" என்று கேட்டபோது அவன் விளக்கினான்.

"அப்ப வசூல்னா தலைக்கணக்கு. எத்தன கோடி பேர் டிக்கெட் வாங்கினாங்கன்னுதான் சொல்வாங்க. இந்திப் படமெல்லாம்கூட அங்க அப்படி ஓடியிருக்கு. வயசானவங்க என்னப் பாத்தா பாட்டுப் பாடுவாங்க."

"அப்பறம்?"

"அப்பறம் அந்த நாடே ஒடஞ்சிருச்சு. தியேட்டருக்கு ஆளே வரல. நாங்க படிச்ச ஊர்ல தியேட்டர் பாதி சோபாக் கடையா இருந்துச்சு. டிக்கெட் வாங்கணும்னா சோபாவுக்கு நடுவுல நடந்து போகணும். நாங்க இருந்த காலத்துலதான் அவங்க படம் மறுபடி ஓட ஆரம்பிச்சது. ஆலிவுட் படத்தையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டிருச்சு."

மூன்றாவது படத்தின் கோப்பு மார்ச் மாதம் வந்தது. அது வசந்தன் அங்கே படித்த காலத்தில் வந்த படம். உறைந்த ஆறு, அதைக் கடக்க முயலும் ஏழு சிப்பாய்கள். அது வந்த வருஷம் ரஷ்யாவில் அதைவிட அதிகம் ஓடிய படம் இல்லை.

வசந்தன் வீட்டில் கணினியைத் திறந்து தலைப்பெழுத்தைப் பார்த்தான். ஆற்றின் மேல் காற்று அடிக்கும் சத்தம் கேட்டது. உடனே மூடிவிட்டான். சமையலறையிலிருந்து அவன் மனைவி யோகேஸ்வரி எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க, அதுக்குள்ள முடிஞ்சிருச்சா?"

"தலவலி."

மறுநாள் காய்ச்சல் என்று சொல்லிப் பார்த்தான். அதற்கு அடுத்த நாள், இந்தப் படம் வேண்டாம், வேறு யாரையாவது பாருங்கள் என்று கிரகோரிக்கு எழுதி, அனுப்பாமல் அழித்தான். என்ன காரணம் சொல்வது? கடைசியில் உட்கார்ந்து எழுதினான். சத்தத்தை அணைத்துவிட்டு, ரஷ்ய வசனப் பிரதியை மட்டும் வைத்துக்கொண்டு எழுதினான். தொள்ளாயிரம் வரியில் ஒரு வரி மட்டும் நகரவில்லை. பனி உடைந்து ஒரு சிப்பாய் எதிர்க்கரையில் தங்கிவிடுகிறான். மற்றவர்கள் போய்விடலாம் என்கிறார்கள். அப்போது சார்ஜன்ட் சொல்கிறார்: ஏழு பேரோடு இறங்கினேன், ஆறு பேரோடு கரையேற மாட்டேன். ரஷ்யமொழியில் ஆறே சொல். அந்த இடத்தை வெற்றாக விட்டு அனுப்பினான்.

ஷர்மைன் அதைப் பார்த்துவிட்டு அழைத்தாள்.

"ஒரு லைன் விட்டுட்டீங்க."

"வாயசைவு சரியா வரல. பாத்து சொல்றேன்."

"சனிக்கெழம வாங்க. சேர்ந்து பாத்தே முடிச்சிரலாம்."

சனிக்கிழமை போனான். கூடத்தில் இரண்டு பேர்தான். கிரகோரி ஒரு கல்யாண வீட்டுக்கு மூவார் போயிருந்தார். திரையில் படம் ஓட, ஷர்மைன் தமிழ் வரிகளை மெல்ல வாசித்துப் பார்த்து உதட்டோடு பொருந்துகிறதா என்று குறித்துக்கொண்டே வந்தாள். முதல் நாற்பது நிமிஷம், சத்தத்தோடு ஓடிய அந்தப் படத்தைப் பார்க்காமல் வசந்தன் பிரதியிலேயே கண்ணை வைத்திருந்தான். ஆனாலும் மனிதனின் மனது விசித்திரமானது. நன்றாக எடுக்கப்பட்ட படம் எப்பேர்ப்பட்டவனையும் கொஞ்ச நேரம் தன்னை மறக்கவைத்துவிடும். அவனும் மறந்தான். சமையல்காரச் சிப்பாய் கஞ்சிப் பானையைக் கிண்டுகிறான், கரண்டியில் ஒரு பூட்ஸ் வருகிறது, அவன் அதை மோந்து பார்த்துவிட்டு உப்பு போடுகிறான். ஷர்மைன் வாய்விட்டுச் சிரித்தாள்.

வசந்தனும் சிரித்தான். சிரித்துக்கொண்டே சொன்னான்.

"இந்த எடத்துல எல்வின் சிரிச்ச சிரிப்புல முன் சீட்டுக் கெழவி திரும்பிப் பாத்துத் திட்டுச்சு. அப்பவும் அடக்க முடியல அவனால..."

சொல்லி முடிப்பதற்குள் அவனுக்கே தெரிந்துவிட்டது.

ஷர்மைன் படத்தை நிறுத்தினாள். திரையில் சமையல்காரன் கரண்டியோடு நின்றான். கீழே டயர் கடையில் இரும்பு எதையோ போட்ட சத்தம் கேட்டது.

"இந்தப் படத்துக்கா?" என்று கேட்டாள்.

அவன் கையிலிருந்த வசனப் பிரதியை மூடினான்.

"அன்னிக்குக் காலைல எல்வின் வீட்டுக்கு போன் பண்ணினான். நான்தான் எடுத்தேன். இன்னிக்குப் புதுப் படம், முதல் நாள், மதியம் போறேன், கதைய ஞாயித்துக்கெழம சொல்றேன்னான். இந்தப் படம் ரிலீசானதும் அந்த டிசம்பர்லதான். அவன் இத ஒரே ஒரு தடவதான் பாத்திருக்க முடியும். அதுக்கப்பறம் அவன் இல்ல." குரல் உயரவில்லை. கணக்குப் போடுகிறவள் மாதிரி நிதானமாகப் பேசினாள். "நீங்க போகலன்னு சொன்னீங்க. பரீட்ச இருந்துச்சு, ரூம்ல படிச்சிட்டிருந்தேன், அவன் தனியாப் போனான்னு அப்பாகிட்ட சொன்னீங்க. போலீஸ்லயும் அப்படித்தான் சொன்னதா சொன்னீங்க."

"ஷர்மைன்..."

"நீங்க அவன்கூட இருந்தீங்களா?"

"இருந்தேன்" என்றான் வசந்தன்.

இருபது வருஷமாக அவன் மனதுக்குள் பலவிதமாகச் சொல்லிப் பார்த்திருக்கிறான். வாய்விட்டுச் சொல்ல ஆரம்பித்ததும், கதை அவன் நினைத்திருந்ததைவிடச் சின்னதாக இருந்தது. மூன்று மணிக் காட்சி. ஐந்தரைக்கு வெளியே வந்தார்கள். டிசம்பர் மாதம், அதற்குள் நன்றாக இருட்டியிருந்தது. பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் கார்க் கொட்டகைகளுக்குப் பின்னால் குறுக்குவழியில் நடக்கலாம் என்று சொன்னது வசந்தன். எல்வின் சார்ஜன்ட் மாதிரிப் பேசிக் காட்டிக்கொண்டு வந்தான். மொட்டையடித்த பையன்கள் ஏழெட்டுப் பேர் எதிரில் வந்தார்கள். கறுப்பர்கள் இங்கே என்ன செய்கிறீர்கள் என்று ஒருவன் கேட்டான். எல்வின் ஏதோ சமாதானமாகப் பதில் சொன்னான். முதல் அடி அவனுக்குத்தான் விழுந்தது.

"நான் ஓடிட்டேன்" என்றான் வசந்தன். "திரும்பிப் பாக்கல."

"எங்க ஓடினீங்க?"

"ஹாஸ்டலுக்கு."

"யார்கிட்டயும் சொல்லலியா?"

"இல்ல. அவனும் ஓடி வந்திருவான்னு நெனச்சேன். கதவத் தாப்பா போட்டுட்டுப் போர்வைக்குள்ள படுத்துட்டேன். காலைலதான் பனி அள்ற பொம்பள பாத்துச் சொல்லிருக்கு."

ஷர்மைன் எழுந்தாள். காகிதங்களை அடுக்கினாள். அடுக்கியதைக் கலைத்து மறுபடி அடுக்கினாள். பிறகு, அவனைப் பார்க்காமலேயே சொன்னாள்.

"அப்பாகிட்ட நான் சொல்ல மாட்டேன். நீங்களே சொல்லணும். கல்லறைத் திருநாளுக்கு ஒங்களுக்குன்னு தனியா கோழி எடுத்து வச்சு சமைக்கிறாரு அந்த மனுஷன்."

அவன் படியிறங்கினான். கார் சாவியைக் கையில் வைத்துக்கொண்டே சாவியைத் தேடினான்.

உடனே போயிருக்கலாம். போகவில்லை. ஏப்ரல் போனது. மே போனது. தொழிற்சாலையில் ஓவர்டைம் கேட்டு வாங்கிக்கொண்டான். ஷர்மைன் அழைக்கவில்லை, செய்தியும் அனுப்பவில்லை. அந்த மௌனம் அவனை அதட்டலைவிட மோசமாக அரித்தது. சாப்பாட்டில் கை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருப்பான். கிளினிக்கில் கவுன்டர் வேலை பார்க்கும் யோகேஸ்வரிக்கு நோயாளிகளைப் பார்த்துப் பழக்கம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பாத்திரத்தை மூடிவிட்டு எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"ஒடம்புக்கா, மனசுக்கா? அத மட்டும் சொல்லுங்க."

சொன்னான். ஷர்மைனிடம் சொன்னதைச் சொன்னான். அவளிடம் சொல்லாததையும் சொன்னான்.

யோகேஸ்வரி வெகுநேரம் மேசை விரிப்பின் ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தாள். "பயந்து ஓடினத நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். இருபத்திரண்டு வயசு. ஏழெட்டுப் பேரு. யாரா இருந்தாலும் ஓடியிருப்பாங்க" என்றாள். பிறகு, "ஆனா அந்த ரிப்போர்ட்டுக் காயிதத்த நீங்க படிச்சுச் சொன்னது. அது நீங்க திரும்பி வந்து, தூங்கி எழுந்து, குளிச்சு, சட்ட போட்டுட்டுப் போய்ச் சொன்ன பொய். அதுக்கு நான் என்ன சொல்றது?"

"தெரியல."

"இன்னிக்கே போங்க. நான் வரட்டுமா?"

"வேணாம்."

ரெங்கத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது நான்கு மணி இருக்கும். வழியெல்லாம் செம்பனை. மழை வரும்போல் புழுக்கமாக இருந்தது. ஜோன் வீட்டு வாசலில் ஷர்மைனின் கார் நின்றது. வார விடுமுறைக்கு அவள் அப்பாவிடம் வருவது வழக்கம். அவனைக் கண்டதும் அவள் கதவைத் திறந்துவிட்டு உள்ளே போய்ச் சுவரோரம் நின்றுகொண்டாள்.

எழுபத்தைந்து வயதான ஜோன் தொலைக்காட்சிக்கு முன்னால் பனியனோடு உட்கார்ந்திருந்தார். முகம் மலர்ந்தது.

"வசந்தா! நவம்பருக்கு முன்னாடியே வந்துட்டியே! உக்காரு. ஷர்மைன், கோப்பி போடும்மா."

"கோப்பி வேணாம் அங்கள். ஒங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும்."

ஜோன் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் குறைத்தார். அவன் உட்காராமல் நின்றே சொன்னான். தியேட்டர், குறுக்குவழி, அந்தப் பையன்கள், ஓட்டம். ஜோன் குறுக்கிடவில்லை. இடையில் ஒரு தடவை தொலைக்காட்சியை முழுசாக அணைத்தார். அவ்வளவுதான்.

"அவன் கூப்பிட்டானா?" என்று கேட்டார்.

"கூப்பிட்டான் அங்கள். ரெண்டு தடவ."

"என்னன்னு?"

"வசந்தா, நில்லுடான்னு."

சுவரோரத்தில் ஷர்மைன் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஜோன் தலையை ஆட்டினார். தனக்குள் எதையோ சரிபார்த்துக்கொள்கிற மாதிரி. "சரி. அடிச்ச ஒடனே உயிர் போயிருச்சுன்னு போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட்ல இருக்கே. நீ நின்னிருந்தா ஒன்னையும் சேர்த்து அடிச்சிருப்பானுங்க. ரெண்டு பொட்டி வந்திருக்கும்." சற்றுப் பொறுத்து, "பொய் சொன்னது தப்பு. பெரிய தப்பு. ஆனா நீ நின்னிருந்தாலும் அவன் வந்திருக்க மாட்டான்" என்றார்.

கிழவர் தானாகவே ஒரு வழியைத் திறந்துவிட்டார். அவன் தலையைக் குனிந்துகொண்டு அந்த வழியாக வெளியே வந்திருக்கலாம். அந்தக் கணம் அவனுக்கு நன்றாகத் தெரிந்தது. அந்த ரிப்போர்ட்டில் உண்மையில் என்ன இருந்தது என்பது ஷர்மைனுக்கே தெரியாது. அவனைத் தவிர அதை வாசிக்கக்கூடியவர் அந்த ஊரில் யாருமில்லை.

"அங்கள், அந்த ரிப்போர்ட் இருக்கா?"

"ஏன்?"

"நான் அத சரியாப் படிச்சுச் சொல்லல."

ஜோன் அவனை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு மெல்ல எழுந்து அறைக்குள் போனார். அலமாரி திறக்கும் சத்தம் கேட்டது. எல்வினின் ஞானஸ்நானச் சான்றிதழும் பள்ளிச் சான்றிதழ்களும் வைத்திருந்த கோப்பிலிருந்து மூன்று தாள்களை எடுத்துவந்து கொடுத்தார். ரஷ்ய எழுத்து, ஊதா முத்திரை. மடிப்பில் கிழிந்துபோய் ஒட்டுநாடா ஒட்டியிருந்தது. இருபது வருஷத்துக்கு முன் இதே அறையில், எல்வினின் அம்மா உயிரோடு பக்கத்தில் உட்கார்ந்திருக்க, வசந்தன் இதை வாசித்து மொழிபெயர்த்துச் சொன்னான். தலையில் பலத்த அடி, உடனடி மரணம், வலி தெரிந்திருக்காது என்று. அதுதான் அவன் வாழ்க்கையில் செய்த முதல் மொழிபெயர்ப்பு.

"படி" என்றார் ஜோன்.

வசந்தன் படித்தான். ஒரு வரி ரஷ்யமொழியில், பிறகு தமிழில். இடது முழங்கால் எலும்பு முறிவு. இரண்டு விலா எலும்புகள். தலையில் காயம், மண்டையோட்டில் முறிவு இல்லை. இவற்றில் எதுவும் தன்னளவில் உயிரைப் பறிக்கக்கூடியது இல்லை. கைகளிலும் முழங்கைகளிலும் சிராய்ப்புகள், பனியில் ஊர்ந்ததால் ஏற்பட்டவையாக இருக்கலாம். அங்கே நிறுத்தினான்.

"படி."

"மரணத்துக்குக் காரணம், உடல் குளிர்ந்துபோனது. மரணம் நிகழ்ந்த நேரம், நடுநிசிக்கும் அதிகாலை மூன்று மணிக்கும் இடையில்."

ஜோன் விரல்விட்டு எண்ணினார். ஆறு, ஏழு, எட்டு. எண்ணிக்கொண்டே போனவர் பாதியில் கையை மடக்கிக்கொண்டார்.

"நீ எத்தன மணிக்கு ரூமுக்குப் போன?"

"ஆறேகால்."

"ரூம்லருந்து அந்த எடம் எவ்வளவு தூரம்?"

"பதினஞ்சு நிமிஷம் நடக்கணும்."

ஷர்மைனிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகை என்று சொல்ல முடியாது. அவள் சமையலறைக்குள் போனாள். தண்ணீர்க் குழாயைத் திறந்த சத்தம் கேட்டது, அது நிற்கவேயில்லை.

ஜோன் தாள்களைத் திரும்ப வாங்கினார். பழைய மடிப்பிலேயே மடித்தார். ஒட்டுநாடா விட்ட இடத்தில் தாள் மறுபடி கிழிந்தது. வசந்தன் உதவப் போகவில்லை.

"ஏன் அன்னிக்கு மாத்திச் சொன்ன?"

"ஆன்ட்டி பக்கத்துல இருந்தாங்க. வலி தெரியலன்னு சொன்னா அவங்களுக்கு..." என்று ஆரம்பித்தவன் நிறுத்தினான். அதுவும் பாதிப் பொய்தான். "எனக்காகத்தான் அங்கள். உண்மையச் சொன்னா, நீ எங்க இருந்தேன்னு கேப்பீங்கன்னு பயம்."

"என் பொண்டாட்டி அவனுக்கு வலிக்கலன்னு நம்பிக்கிட்டே செத்தா" என்றார் ஜோன். அது நன்றியா, வசையா என்று அவன் எவ்வளவு யோசித்தும் பின்னாளில்கூடப் பிடிபடவில்லை.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. ஜோன் ஜன்னல் கதவுகளை ஒவ்வொன்றாகச் சாத்திவிட்டு வந்தார்.

"படம் நல்லா இருந்துச்சா?"

வசந்தனுக்குக் கேள்வி புரியவில்லை.

"அவன் பாத்த படம். ரசிச்சுப் பாத்தானா?"

"ரொம்ப ரசிச்சான் அங்கள். வழியெல்லாம் நடிச்சுக் காட்டிட்டே வந்தான்."

"ம்" என்றார் கிழவர். பிறகு சொன்னார். "நீ இனிமே இந்த வீட்டுக்கு வராத வசந்தா. கோவத்துல சொல்லல. ஒன்னப் பாத்தா நான் மணிய எண்ண ஆரம்பிச்சிருவேன். இந்த வயசுல என்னால அது முடியாது."

"சரி அங்கள்."

"கல்லறைக்குப் போறதத் தடுக்கல. அவன் ஒன் கூட்டாளி. ஆனா நவம்பர்ல வராத. ஊரே வரும். எல்லாரும் ஒன்னத் தட்டிக் குடுப்பாங்க. அத நான் நின்னு பாக்க மாட்டேன். வேற நாளாப் பாத்துத் தனியாப் போ."

மழை விடும்வரை இருந்துவிட்டுப் போ என்று அவர் சொல்லவில்லை. வசந்தன் நனைந்துகொண்டே காருக்குப் போனான். ஷர்மைன் வெளியே வரவில்லை.

குளுவாங் சாலையில் வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டு அழுதான். இருபது வருஷமாக அடக்கி வைத்திருந்த அழுகை அது. ஆனாலும் பாரம் இறங்கியதாகத் தோன்றவில்லை. முன்பு அவன் ஒருவன் சுமந்ததை இப்போது நான்கு பேர் சுமக்கிறார்கள், அவ்வளவுதான். கிழவர் இன்று படுக்கும்போது அந்தப் பனியில்தான் படுப்பார். இதைச் சொல்லாமலே இருந்திருக்கலாமோ என்ற எண்ணம் வந்தது. அந்த எண்ணம் எவ்வளவு வசதியானது என்பதும் கூடவே தெரிந்தது.

அடுத்த வாரம் கிரகோரி அழைத்தார். அவருக்கு எதுவும் தெரியாது. "தம்பி, அந்த ஒரு லைன் இன்னும் வரல லா. சிங்கப்பூர்ல நச்சரிக்கிறாங்க." வசந்தன் அதே இரவு அந்த ஒரு வரியை எழுதி அனுப்பினான்.

ஜூலையில் படம் இணையத்தில் வெளியானது. ஐந்தில் அதற்குத்தான் கூட்டம் என்று கிரகோரி கணக்கு வைத்துச் சொன்னார். ரஷ்யா இப்போது நடத்துகிற போரைப் பார்த்துவிட்டு இந்த நேரத்தில் ரஷ்யப் போர்ப்படம் தேவையா என்று நாலைந்து பேர் திட்டி எழுதினார்கள். மற்றபடி ஜனங்கள் பார்த்தார்கள். தொழிற்சாலை உணவகத்தில் ஒரு நாள் பக்கத்து மேசைப் பெண்கள் கஞ்சிப் பானைக் காட்சியைக் கைபேசியில் போட்டுச் சிரித்தார்கள். வசந்தன் தட்டை எடுத்துக்கொண்டு வேறு மேசைக்குப் போனான்.

நான்காவது படம், தோற்றுக்கொண்டே இருந்து கடைசியில் ஜெயிக்கும் ஒரு கைப்பந்து அணியின் கதை, ஆகஸ்டில் வந்தது. தன்னை மாற்றிவிடுவார்கள் என்றுதான் வசந்தன் எதிர்பார்த்தான். மாற்றவில்லை. ஷர்மைனிடமிருந்து மின்னஞ்சல் மட்டும் வந்தது. வசந்தண்ணே என்று ஆரம்பிக்கவில்லை, யார் பெயரும் சொல்லி ஆரம்பிக்கவில்லை. வசனங்களை முப்பதாம் தேதிக்குள் அனுப்பவும். இனி எல்லாப் பிரதியும், குளுவாங்கில் தேடிப் பிடித்த, ரஷ்யாவில் படித்த டாக்டர் ஒருவரிடம் சரிபார்க்கப் போகும்.

எழுதி அனுப்பினான். மூன்று வாரம் கழித்துக் கூடத்துக்குப் போனபோது கிரகோரி அவன் தோளில் தட்டினார்.

"அலமாக், ஆயிரத்து நூறு வரி! அந்த டாக்டரம்மா ஒரு பிழகூடக் கண்டுபிடிக்கல. எதுக்கு இந்தச் செலவுன்னு நான் கேட்டேன். ஷர்மைன்தான் ஒத்துக்க மாட்டேங்குது. அஞ்சாவது படத்துக்கும் அனுப்பணுமாம்."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஷர்மைன் காதுகளில் கேட்பானோடு உட்கார்ந்திருந்தாள். அவன் வந்ததைப் பார்த்தாள். லேசாகத் தலையசைத்தாள். பிறகு ஒலிவாங்கியின் முன் நின்ற பெண்ணுக்குக் கை காட்டிவிட்டு, அடுத்த வரியைத் தொடங்கச் சொன்னாள்.

"அனுப்பட்டும்" என்றான் வசந்தன். "அனுப்பத்தான் வேணும்."